நோவு போனால் போதுமா? பிரண்ட காலைத் திரும்பப் பழக்குவோம்



பொங்கல் வந்தால் தோட்ட மைதானத்தில் கரப்பந்தாட்டப் போட்டி. சித்திரை வந்தால் ஓட்டமும் கயிறிழுத்தலும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் எல்லேயும். கரப்பந்தாட்டம் 1991ஆம் ஆண்டு முதல் நமது நாட்டின் தேசிய விளையாட்டு. ஒரு வலையும் ஒரு பந்தும் இரண்டு கம்பமும் இருந்துவிட்டால், வேலை விட்டு வந்த களைப்பையும் மறந்து நமது இளைஞர்கள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். விளையாட்டு உடம்புக்கும் நல்லது, ஒற்றுமைக்கும் நல்லது.

ஆனால் விளையாட்டில் அடிபட்டால் எப்படித் திரும்ப எழுந்து நிற்பது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அடிபட்ட அன்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நாலாம் நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடிபட்டவர் மட்டும் அந்த நோவைச் சுமந்துகொண்டு வருடக்கணக்காக மலை ஏறுவார்.

இம்முறைப் பாடத்துக்குக் கணுக்கால் பிரளுவதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டில் மிக அதிகமாக ஏற்படும் காயங்களில் இதுவும் ஒன்று. சரிவில் நின்று வேலை செய்கிற நமக்கு, கால் உறுதியாக நின்றால்தான் அடுப்பு எரியும். ஆகவே விளையாடாதவர்களும் இதைப் படியுங்கள்.

ஒரு வீடு, இரண்டு கால்கள்

எந்தத் தோட்டத்து லயத்திலும் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்.

மகனுக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. பந்தை அடிக்கத் துள்ளியவன் இறங்கும்போது, வலைக்கு அடியில் எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரரின் பாதத்தின் மேல் அவன் கால் விழுந்துவிட்டது. உள்ளங்கால் உட்பக்கமாகத் திரும்ப, கணுக்கால் மடங்கிப் பிரண்டது. சிறிது நேரத்தில் வெளிப்பக்க மொளி ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். "ஒரு மாத்திரையப் போட்டுட்டு வாடா. நீ இல்லாட்டி கப் போயிரும்."

கடைசி லயத்துத் தாத்தா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். "கால நீட்டு தம்பி. ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாம் எடத்துக்கு வந்துரும்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். "யாரும் தொடாதீங்க. எங்காலு பட்ட பாடு போதும்" என்றார்.

அம்மா கொழுந்து பறிப்பவர். பத்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், கானைத் தாண்டும்போது அவருக்கும் இதே மாதிரிக் கால் பிரண்டது. அன்றே எண்ணெய் போட்டு உருவினார்கள். வீக்கம் கூடியது. நாலு நாள் வீட்டில் இருந்தார். சம்பளம் போகிறதே என்று ஐந்தாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். ஒரு மாதத்தில் நோவு போய்விட்டது. கால் சரியாகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

ஆனால் அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தரமாவது அந்தக் கால் பிரளும். சின்னக் கல்லில் பட்டாலும் மடங்கும். செங்குத்தான மலை என்றால் முதல் நாள் இரவே பயம் வந்துவிடும். முன்பு எல்லோருக்கும் முந்திக் கூடையை நிரப்பியவர், இப்போது ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பதால் பின்தங்கிவிடுகிறார். நிறுவையிலும் அது தெரிகிறது.

அந்த அம்மாவின் காலில் எது சரியாகாமல் போனது? மகனின் காலை எப்படிக் காப்பாற்றலாம்? இந்த இரண்டுதான் இன்றைய பாடம்.

கணுக்காலுக்குள் என்ன இருக்கிறது?

எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை பலமான நார்கள். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் முக்கியமாக மூன்று நார்கள் இருக்கின்றன. உட்பக்கத்தில் அகலமான, மிகப் பலமான நார்ப்பட்டை இருக்கிறது. அதனால்தான் கால் பிரளும்போது பெரும்பாலும் பாதம் உள்ளே திரும்பி, வெளிப்பக்க நார் அடிபடுகிறது.

நார் சற்று இழுபட்டு நொந்தால் அது சிறு காயம். பாதி கிழிந்தால் நடுத்தரக் காயம். முழுவதும் அறுந்தால் பெருங்காயம். சிறு காயம் ஒன்று முதல் மூன்று கிழமையில் ஆறலாம். நடுத்தரக் காயத்துக்கு மூன்று முதல் ஆறு கிழமை வேண்டும். பெருங்காயத்துக்கு மூன்று மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணமாகக் கால் பிரளும்போது எலும்பு இடம் மாறுவதில்லை. கிழிந்திருப்பது நார். ஆகவே "இழுத்து எடத்துக்குக் கொண்டு வர" அங்கே ஒன்றும் இல்லை. கிழிந்த நாரை முதல் நாளே இழுத்து உருவினால் கிழிசல் கூடும், உள்ளே இரத்தம் கசியும், வீக்கம் பெருகும். தாத்தாவின் கை அன்பான கைதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அந்தக் கை ஓய்வாக இருக்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த நார் வெறும் கயிறு அல்ல. அதற்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. "பாதம் இப்போது இந்தச் சாய்வில் இருக்கிறது, விழப் போகிறது, பிடி" என்று மூளைக்குச் சேதி சொல்பவை அவைதாம். நார் கிழியும்போது இந்தச் சேதிக்காரர்களும் அடிபடுகிறார்கள். நார் ஆறிய பிறகும் சேதி தாமதமாகப் போகலாம். 1965இல் இங்கிலாந்தில் ஃபிரீமன் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை எடுத்துச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பிரளும் கால்களுக்கு, ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுவது உதவும் என்றும் காட்டினார்கள்.

கொழுந்து எடுக்கும்போது நம் கண் எங்கே இருக்கிறது? கொழுந்தில். காலடியை நாம் பார்ப்பதில்லை. கால் தன் வழியைத் தானே அறிந்து போகிறது. அந்த அறிவைத்தான் அம்மாவின் கால் இழந்துவிட்டது. நோவு போனது. அறிவு திரும்பவில்லை. அதை யாரும் திரும்பப் பழக்கவும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது: எலும்பு முறிந்திருக்கிறதா?

1992இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் இதற்கு ஒரு சுலபமான முறையை வகுத்தார்கள். இன்றும் உலகமெங்கும் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

1. அடிபட்ட உடனேயும், பிறகு வைத்தியரிடம் போன போதும், நொண்டி நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லை.
2. கணுக்காலின் வெளி மொளி அல்லது உள் மொளியின் நுனியிலோ பின் விளிம்பிலோ எலும்பை அழுத்தினால் நோகிறது.
3. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் நோகிறது.
4. பாதத்தின் நடுவில், உட்பக்கம் உள்ள எலும்பை அழுத்தினால் நோகிறது.

கால் கோணலாகத் தெரிந்தால், விரல்கள் மரத்தோ நீலம் பாய்ந்தோ போனால், காயத்தில் எலும்பு தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். காலை அசைக்காமல் பலகையோ கம்போ வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் வரும் அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனி மென்மையானது. ஆகவே பிள்ளைகளுக்குக் கணுக்கால் வீங்கி எலும்பு நொந்தால், "சுளுக்குத்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நமது உதாரணத்துத் தம்பி நொண்டிக்கொண்டு நாலு அடி வைத்தான். எலும்பை அழுத்தியபோது நோகவில்லை. மொளிக்கு முன்பக்கம் உள்ள சதைப்பகுதிதான் நொந்தது. மறுநாள் டிஸ்பென்சரி ஐயாவும் பார்த்துவிட்டு, "நார்தான் தம்பி. நடுத்தரக் காயம். ஆறு கிழமை எனக்குக் கடன் குடு" என்றார்.

முதல் மூன்று நாள்: காலைக் காப்பாற்றுங்கள்

செய்ய வேண்டியவை:

ஆட்டத்தை அப்போதே நிறுத்துங்கள். மாத்திரை போட்டு ஆடினால் நோவு மறையும், காயம் மறையாது.

உட்காரும்போதும் படுக்கும்போதும் இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். வீக்கம் வடிய இது நல்ல வழி.

குளிர் கொடுங்கள். ஐஸ் கட்டி தேடி அலைய வேண்டாம். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து 10 முதல் 15 நிமிடம் காலை வைத்தால் போதும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். குளிர் நோவைக் குறைக்கும், நாரைச் சீக்கிரம் ஒட்ட வைக்காது. சீனி வியாதியால் பாதம் மரத்தவர்கள் ஐஸ் வைக்க வேண்டாம்.

கிரேப் பண்டேஜை விரல்களுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, கணுக்காலைச் சுற்றி மேல் நோக்கிக் கட்டுங்கள். விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

நோவு தாங்க முடியாவிட்டால் டிஸ்பென்சரியில் சொல்லும் அளவுக்கு மட்டும் பரசிட்டமோல் எடுக்கலாம்.

செய்யக் கூடாதவை: சுடுதண்ணீர் ஒத்தடம், சூடு தரும் தைலம், உருவுதல், இழுத்தல், ஓடுதல், சாராயம். இவை எல்லாமே முதல் நாட்களில் இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டக்கூடியவை.

ஆனால் கட்டையாகக் கிடக்கவும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே விரல்களை அசையுங்கள். நோவு இல்லாத அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

இயன் மருத்துவம் என்றால் என்ன?

மருந்தையும் கத்தியையும் நம்பாமல், அசைவையும் பயிற்சியையும் மருந்தாகக் கொடுப்பது இயன் மருத்துவம். பிசியோதெரபி என்றும் சொல்வார்கள். "மெசினு வச்சு சூடு காட்டுறது" என்றுதான் நம்மவர் பலர் நினைக்கிறார்கள். மெசின் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பயிற்சிதான் அதன் உயிர்.

காரணம் இதுதான். கிழிந்த இடத்தில் புது நார் வளரும்போது முதலில் தாறுமாறாகத்தான் வளரும். அதன் மேல் அளவான பாரம் விழ விழ, பாரம் வரும் திசையிலேயே இழைகள் ஒழுங்காகி உரம் பெறும். முழு உரம் பெற ஒரு வருடம்கூட ஆகலாம். பாரமே கொடுக்காமல் படுத்திருந்தால் நார் பலவீனமாகும், தசை இளைக்கும். அளவுக்கு மீறிப் பாரம் கொடுத்தால் திரும்பக் கிழியும். இந்த அளவைப் பார்த்துச் சொல்பவர்தான் இயன் மருத்துவர்.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனை எல்லோருக்கும் தெரியும். 2004ஆம் ஆண்டு, டெஸ்ட் போட்டிகளில் 532 விக்கெட் எடுத்திருந்த நேரத்தில், அவர் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். உடனே பந்தை எடுத்துவிடவில்லை. பல மாதம் போட்டிகளிலிருந்து விலகி இருந்தார். அதற்குப் பிறகு இன்னும் 268 விக்கெட் எடுத்து, 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800 விக்கெட்டோடு விடைபெற்றார். காத்திருந்த மாதங்கள் வீண்போகவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இயன் மருத்துவச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முதலில் அங்குள்ள வைத்தியரைக் காட்டி, அவர் அனுப்பினால் போகலாம். எல்லாச் சிறிய ஆஸ்பத்திரியிலும் இயன் மருத்துவர் இருக்க மாட்டார். எங்கே போக வேண்டும் என்று டிஸ்பென்சரியில் கேட்டு, கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். "ஐயா, நான் சரிவு மலையில வேலை செய்றவன். பஸ் காசு போட்டு ஒவ்வொரு கிழமையும் வர ஏலாது. வீட்டுல செய்ற மாதிரிப் பயிற்சி சொல்லிக் குடுங்க." இப்படிச் சொன்னால் அவர் அதற்கேற்பத் திட்டம் போடுவார். செய்து காட்டச் சொல்லுங்கள், நீங்களும் அவர் முன் ஒரு தரம் செய்து காட்டுங்கள், தாளில் எழுதி வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்தால் பலன் இருக்குமா என்று கேட்பீர்கள். 2009இல் நெதர்லாந்தில் கணுக்கால் பிரண்ட 522 விளையாட்டு வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வழமையான சிகிச்சையோடு, ஒரு பகுதியினர் எட்டுக் கிழமை வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. ஒரு வருடத்துக்குள், பயிற்சி செய்யாதவர்களில் 100க்கு 33 பேருக்குத் திரும்பக் கால் பிரண்டது. செய்தவர்களில் 100க்கு 22 பேருக்குத்தான் பிரண்டது. பக்கத்தில் வைத்தியர் நின்று பார்க்காமலே கிடைத்த பலன் இது.

மூன்றாம் நாள் முதல் இரண்டாம் கிழமை வரை: அசைவு

1. எழுத்து எழுதுதல். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி, பெருவிரலைப் பென்சிலாக நினைத்துக் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். பாதம் மட்டும் அசைய வேண்டும். நாளுக்கு மூன்று தரம். வீட்டில் பாலர் வகுப்புப் பிள்ளை இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பாடம்.

2. துவாய் இழுத்தல். காலை நீட்டி உட்கார்ந்து, துவாயையோ சாரத்தையோ உள்ளங்காலின் முன்பகுதியில் மாட்டி, மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். கெண்டைச் சதை இழுபடுவது தெரிய வேண்டும். 30 விநாடி, மூன்று தரம்.

3. நடை. கம்பு பிடிப்பதானால் நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். குதிகாலை முதலில் வைத்து, பிறகு விரலை ஊன்றி, ஒழுங்காக நடக்கப் பழகுங்கள். லயத்துப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

பயிற்சிக்கு அளவுகோல் ஒன்று உண்டு. செய்யும்போது சற்று நொந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கமோ நோவோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். பாதியாகக் குறையுங்கள். விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் கிழமை முதல் ஆறாம் கிழமை வரை: பலமும் சமநிலையும்

அம்மா விட்ட இடம் இதுதான். நோவு குறைந்துவிடும். "இனி எதுக்கு?" என்று தோன்றும். தொடருங்கள்.

1. சைக்கிள் டியூப். பழைய டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டுங்கள். மறு முனையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, பாதத்தைச் சுண்டுவிரல் பக்கமாக வெளியே தள்ளுங்கள். முழங்கால் திரும்பக் கூடாது. 10 தரம், மூன்று முறை.

2. குதி உயர்த்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். 15 தரம். சுலபமானதும் அடிபட்ட காலில் மட்டும் நின்று செய்யுங்கள்.

3. ஒற்றைக்கால். சுவருக்குப் பக்கத்தில் அடிபட்ட காலில் 30 விநாடி நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் பழகினால் மடித்த சாக்கின் மேல் நில்லுங்கள். கால் கிடுகிடுவென்று ஆடும். பயப்பட வேண்டாம், அந்த ஆட்டத்தில்தான் கால் தன் அறிவைத் திரும்பப் படிக்கிறது. காலையில் பல் விளக்கும் நேரமே இதற்குப் போதும்.

ஆறாம் கிழமைக்குப் பிறகு: மைதானத்துக்கும் மலைக்கும்

நாட்காட்டியைப் பார்த்துத் திரும்பாதீர்கள், காலைப் பார்த்துத் திரும்புங்கள். கீழே உள்ளவற்றை அடிபட்ட கால் நல்ல காலைப் போலவே செய்கிறதா?

ஒற்றைக்காலில் குதியை 20 தரம் உயர்த்த முடிகிறதா? கண்ணை மூடி நிற்பதில் இரண்டு காலும் சமமா? ஒற்றைக்காலில் துள்ளி, நோவில்லாமல் இறங்க முடிகிறதா? எட்டுப் போல வளைந்து ஓட முடிகிறதா? மறுநாள் காலையில் வீக்கம் இல்லையா?

எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றால் பயிற்சி ஆட்டத்துக்குப் போகலாம். போட்டிக்கு அதற்குப் பிறகுதான். முதல் சில மாதங்களுக்குக் கணுக்கால் பட்டியோ டேப்போ போட்டு ஆடுவது பாதுகாப்பு. சமநிலைப் பயிற்சியை எட்டுக் கிழமையாவது தொடருங்கள்.

மலைக்குத் திரும்புகிறவர்களும் படிப்படியாகப் போகப் பாருங்கள். முதலில் வெறுங்கூடையோடு ஏறி இறங்குங்கள். பிறகு பாதிச் சுமை. ஒன்றிரண்டு கிழமைக்குச் சரிவு குறைந்த மலை கிடைக்குமா என்று டிஸ்பென்சரிக் கடிதத்தோடு கேளுங்கள். தேய்ந்து வழுக்கும் செருப்பை மாற்றுங்கள். வேலை நேரத்தில் கால் பிரண்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். வேலையில் ஏற்படும் காயங்களுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

எல்லோருக்கும் ஆறு கிழமை ஓய்வு எடுக்க வசதி இல்லை என்பது தெரியும். நாள் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது பெரிய சுமை. ஆனால் இந்தப் பயிற்சிக்கு நாளுக்கு 20 நிமிடம்தான் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம். வேலைக்குத் திரும்பியதும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அம்மாவின் கேள்வி

ஐந்தாம் கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா டிஸ்பென்சரிக்குப் போனார். மகனின் காலைப் பார்த்துவிட்டு ஐயா திருப்திப்பட்டார். அம்மா எழுந்து போகாமல் தயங்கி நின்றார்.

"என்னாம்மா?"

"இல்லீங்க ஐயா... எங்காலு பிரண்டு பத்து வருஷமாச்சு. இனிமே அதுக்கு ஒண்ணும் செய்ய ஏலாதுதானே?"

"யாரு சொன்னா? பழைய காலும் படிக்கும்மா. கொஞ்சம் மெதுவாப் படிக்கும், அவ்வளவுதான். தம்பி செய்றத நீங்களும் செய்ங்க. மூணு மாசம் செஞ்சும் கால் மடங்கிச்சுன்னா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறேன். நார் எப்படி இருக்குன்னு அவங்க பாப்பாங்க."

ஐயா சொன்னது உண்மை. பல வருடமாகப் பிரளும் காலுக்கும் முதல் வைத்தியம் இதே பலமும் சமநிலையும்தான். பலருக்கு அதிலேயே நல்ல குணம் கிடைக்கிறது. கிடைக்காத சிலருக்குத்தான் சத்திரசிகிச்சை.

அன்று மாலையிலிருந்து அந்த வீட்டு இஸ்தோப்பில் தாயும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். லயத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் வந்து நின்று, யார் அதிக நேரம் நிற்பது என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எண்ணெய்ப் போத்தல் தாத்தாவும் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாராம்.

உங்கள் வீட்டில் கேட்டுப் பேசுங்கள்

1. கால் பிரண்ட முதல் மூன்று நாளில் ஏன் உருவக் கூடாது?
2. எந்த அறிகுறிகள் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?
3. படி ஏறும்போது எந்தக் கால் முதலில்? இறங்கும்போது எந்தக் கால்?
4. நோவு போன பிறகும் ஏன் சமநிலைப் பயிற்சி வேண்டும்?
5. நமது வீட்டில் அடிக்கடி கால் பிரளும் ஆள் யாராவது இருக்கிறாரா? அவரோடு இன்று மாலையே யார் சேர்ந்து நிற்கப் போகிறோம்?